பழுதான தட்டும் பழுது பார்க்கும் கையும்

கம்போங் டத்தோ ஹருன் நிலையத்தில் கிள்ளான் துறைமுகம் போகும் கேடிஎம் ரயிலைப் பிடித்தால் அடுத்தது செரி செத்தியா, அதற்கடுத்தது செத்தியா ஜெயா. கம்போங் மேடான்காரர்களுக்குப் பழகிய தடம் இது. இந்தப் பக்கத்தில்தான் சுங்கை வே தடையற்ற வணிக வட்டாரம் இருக்கிறது. தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மின்னணு ஆலை வேலையை அறிமுகப்படுத்திய வட்டாரங்களில் அதுவும் ஒன்று. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் அங்கேதான் பல ஆண்டுகள் கணினி வன்தட்டுகளைத் தயாரித்தது. 2018 ஜூலையில், பெட்டாலிங் ஜெயா வன்தட்டு ஆலையை 2019 முடிவதற்குள் மூடப்போவதாக அறிவித்தது. சொந்தக் கணினிகளில் சுழலும் தட்டுக்குத் தேவை குறைந்துவிட்டது என்பது காரணம்.

ஆலை போனது; தட்டு போகவில்லை. மடிக்கணினியிலிருந்து விடைபெற்ற வன்தட்டு, செர்வருக்குள் இன்னும் பெரிதாக வளர்ந்திருக்கிறது. சைபர்ஜெயாவின் தரவு மையங்களை விட்டுவிடுவோம். அங்கே ஆள் இருக்கிறது, முறை இருக்கிறது. ஜாலான் கிளாங் லாமா ஓரத்துக் கணக்காளர் அலுவலகம், பிரிக்பீல்ட்ஸ் கிளினிக், கிள்ளான் லாரி நிறுவனம் ஆகியவற்றிலும் மேசைக்கடியில், அலுவலகக் கோப்புகளைப் பொதுவாகச் சேமித்து வைக்கும் நான்கு தட்டு போட்ட ‘நாஸ்’ பெட்டி ஒன்று இரைந்துகொண்டிருக்கிறது. வருமான வரி வாரியம் கேட்டால் காட்டவேண்டிய 7 ஆண்டுக் கணக்கு அதில்தான் இருக்கிறது. அந்தப் பெட்டியில் ஒரு தட்டு பழுதானால் என்ன ஆகும், அதை யார், எப்படி மாற்றுவது, எங்கே தவறு நேர்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. கடந்த இருபது ஆண்டு ஆய்வுகளையும் வெளிவந்த விபத்துகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: தட்டு பழுதாவதால் வரும் நட்டம் சிறிது. பழுதைக் கண்டபின் மனிதர் செய்வதாலும் செய்யாததாலும் வருவதுதான் பெரிது.

எத்தனை தட்டு போகும்?

தட்டுப் பெட்டியின் விவரத்தாளில் சராசரி ஆயுள் 10 லட்சம் மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். வகுத்துப் பார்த்தால் 114 ஆண்டு. எந்தத் தட்டும் அத்தனை காலம் ஓடாது என்பது கடைக்காரருக்கும் தெரியும். அந்த எண்ணை வாசிக்கும் முறை வேறு: ஆயிரம் தட்டு ஓடினால் ஆண்டுக்கு ஒன்பது போகலாம் என்பதே அதன் பொருள். அதாவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

அது உண்மையா என்று 2007இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் ஏறத்தாழ ஒரு லட்சம் தட்டுகளின் மாற்றுப் பதிவுகளை வைத்துச் சோதித்தார்கள். ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு தட்டு மாற்றப்படுவது சாதாரணமாக இருந்தது. சில இடங்களில் 13 வரை போனது. தட்டுகளின் தரம் கூடிய பிறகும் கணக்கு பூச்சியத்துக்கு வரவில்லை. லட்சக்கணக்கான தட்டுகளை ஓட்டும் அமெரிக்க நிறுவனமான பேக்பிளேஸ் தன் பழுது விகிதத்தைத் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. 2024ஆம் ஆண்டுக்கு அது சொன்ன விகிதம் 1.57 விழுக்காடு.

நான்கு தட்டுப் பெட்டியை ஐந்தாறு ஆண்டு ஓட்டுகிற அலுவலகம், ஒரு தட்டையாவது இழக்கக்கூடும் என்று எண்ணியே பட்ஜெட் போடவேண்டும். இது கெட்ட நேரமும் இல்லை, கண்ணேறும் இல்லை. டயர் தேய்வதற்கு லாரி முதலாளி காசு ஒதுக்குகிறாரே, அந்தக் கணக்குத்தான்.

முன்கூட்டியே தெரியுமா?

பாதி தெரியும். ஒவ்வொரு தட்டும் தன் உடல்நிலையைத் தானே குறித்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பேட்டுக்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். கெட்டுப்போன இடங்களுக்குப் பதிலாக எத்தனை மாற்று இடங்கள் எடுத்துக்கொண்டது, படிக்க முடியாமல் எத்தனை பகுதி நிலுவையில் கிடக்கிறது என்பவை அதில் முக்கியமான வரிகள்.

2007இல் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து இதற்கு இரண்டு பக்கமும் உண்டு என்று காட்டினார்கள். மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை தென்பட்ட தட்டு, அடுத்த 60 நாளுக்குள் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு அதிகமாக இருந்தது. ஆகவே எச்சரிக்கை வந்தால் காத்திருக்கக் கூடாது. ஆனால் பழுதான தட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு குறிகளில் எதையுமே காட்டாமல் போய்விட்டன. எச்சரிக்கை வரவில்லை என்பதற்காக நிம்மதியாக இருக்கவும் கூடாது.

அதே ஆய்வு இன்னொரு நம்பிக்கையையும் அசைத்தது. சாதாரண வெப்ப அளவுகளுக்குள், சூடு ஏறினால் பழுதும் கூடும் என்ற நேரான தொடர்பு கிடைக்கவில்லை. மிக அதிகச் சூட்டிலும், மூன்று ஆண்டு கடந்த தட்டுகளிலும்தான் அது தெளிவாகத் தெரிந்தது. மாலை ஆறு மணிக்கு ஏர்கானை அணைத்துவிட்டுப் போகும் நம்மூர் அலுவலகங்களுக்கு இது ஓரளவு ஆறுதல். அதற்காகப் பெட்டியைத் தூசு படிந்த அலமாரிக்குள் அடைத்து வைக்க அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடியும் அதனோடு வரும் மின்வெட்டும் வாடிக்கை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவது தட்டுத் தொகுதிக்கு ஆபத்து. யூபிஎஸ் இல்லாத நாஸ் பெட்டி அரைகுறை முதலீடு.

ரேய்ட் எதைக் காக்கும்?

1988இல் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ் ஆகியோர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பரவியது ‘ரேய்ட்’. விலை மலிந்த பல தட்டுகளைச் சேர்த்து, அவற்றில் ஒன்று போனாலும் வேலை நிற்காமல் ஓடச் செய்வது அதன் நோக்கம். திருமண மொய் நோட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தொகை எழுதி, கடைசிப் பக்கத்தில் மொத்தமும் எழுதியிருந்தால், நடுவில் ஒரு பக்கம் கிழிந்துபோனாலும் கழித்துக் கண்டுபிடித்துவிடலாம். ரேய்ட் 5 செய்வது ஏறத்தாழ அந்தக் கணக்கைத்தான். ஒரு தட்டின் இழப்பைத் தாங்கும். ரேய்ட் 6 இரண்டைத் தாங்கும்.

கழித்துக் கண்டுபிடிக்க மற்ற எல்லாப் பக்கமும் சரியாக இருக்கவேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். நான்கு 8 டெராபைட் தட்டுள்ள ரேய்ட் 5 பெட்டியில் ஒன்று போனால், புதிய தட்டை நிரப்ப மற்ற மூன்றையும் முதலிலிருந்து கடைசிவரை, 24 டெராபைட் முழுவதையும் படித்தாகவேண்டும். சாதாரண வகைத் தட்டுகளின் விவரத்தாள், 12.5 டெராபைட் படித்தால் படிக்க முடியாத ஒரு துண்டு வரலாம் என்று எச்சரிக்கும் அளவில் இருக்கிறது. நடைமுறையில் தட்டுகள் அந்த எல்லையைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆனாலும் எண் எண்தான்.

நேரமும் இருக்கிறது. நொடிக்கு 180 மெகாபைட் வேகத்தில் 8 டெராவை எழுத 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்கிடையில் அலுவலகமும் அதே பெட்டியில் வேலை பார்த்தால் ஒரு நாளைத் தாண்டும். இப்போது சந்தைக்கு வந்திருக்கும் 30 டெராபைட் தட்டுக்கு, நொடிக்கு 250 மெகாபைட் வேகம் கிடைத்தாலும் 33 மணி நேரம் தேவை. தட்டின் கொள்ளளவு ஏறிய அளவுக்கு அதன் வேகம் ஏறவில்லை. இந்த மணி நேரங்கள் முழுவதும் ரேய்ட் 5 பெட்டிக்குத் துணை எதுவும் கிடையாது. மிச்சமிருக்கும் மூன்று தட்டும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து வாங்கியவை என்றால் வயதும் தேய்வும் ஒன்று. ஓய்வாக இருந்தவற்றை அன்றுதான் முழு மூச்சாக ஓட வைக்கிறோம்.

“ஒன்னு போனா என்னா தம்பி, இன்னும் மூனு இருக்கே, தீபாவளி கழிச்சுப் பாத்துக்கலாம்” என்று முதலாளி சொல்வார். அந்த மூன்றும் உபரி இல்லை; மூன்றும் இருந்தால்தான் கணக்கு நிற்கும். “இருக்கறதே மூனுதாண்ணே, இனிமே ஒன்னுகூடப் போகக்கூடாது” என்று விளக்கிச் சொல்லவேண்டியது பராமரிப்பு ஆளின் முதல் வேலை.

தட்டை மாற்றும்போது

வேலை பார்க்க எளிது. பெட்டியின் முகப்பில் ஒரு விளக்கு சிவப்பாகவோ மஞ்சளாகவோ எரிகிறது. அந்தத் தட்டின் கைப்பிடியை அழுத்தி டிரேயை வெளியே இழுத்து, நான்கு திருகைக் கழற்றி, புதியதைப் பொருத்தி, உள்ளே தள்ளவேண்டும். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம். எளிதாக இருப்பதே இதில் ஆபத்து.

நெருங்கிப் பார்ப்போம். முதல் கேள்வி: எது பழுதான தட்டு? மென்பொருள் ‘தட்டு 2’ என்கிறது. பெட்டி 0இலிருந்து எண்ணுகிறதா, 1இலிருந்தா? இடமிருந்தா, வலமிருந்தா? தவறான டிரேயை இழுத்தால், ஒரு தட்டு இல்லாமல் ஓடிய தொகுதி இரண்டு தட்டு இல்லாமல் அப்படியே சரியும். அதனால் விவரமறிந்தவர்கள் எண்ணை நம்புவதில்லை. தட்டின் வரிசை எண்ணை நம்புவார்கள். பெட்டியை நிறுவிய நாளிலேயே ஒவ்வொரு டிரேயின் முகப்பிலும் அந்தத் தட்டின் வரிசை எண்ணில் கடைசி நான்கு எழுத்தைச் சிறு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுவார்கள். ஒட்டாத பெட்டியில், மென்பொருளிலிருந்து அந்தத் தட்டின் விளக்கை மட்டும் மினுக்கச் செய்து அடையாளம் காண்பார்கள். இரண்டும் முடியாவிட்டால் பெட்டியை முறைப்படி அணைத்துவிட்டுக் கழற்றிப் பார்ப்பதே உத்தமம். ஒரு மணி நேரம் வேலை நிற்பது அதற்குக் கொடுக்கும் விலை.

இழுக்கும்போதும் ஒரு நிதானம் தேவை. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு, மின்சாரம் போன மறுகணம் நிற்காது. டிரேயைச் சற்று வெளியே இழுத்து, அரை நிமிடம் விட்டுவைத்து, சுழற்சி அடங்கியபின் எடுக்கவேண்டும். புதியதைத் தள்ளும்போது கைப்பிடி முழுவதும் மடியும்வரை தள்ளவேண்டும். அதன்பின் மென்பொருளில் தொகுதி, புதிய தட்டை நிரப்பும் மறுகட்டுமானத்தைத் தொடங்கிவிட்டதா என்று பார்க்கவேண்டும். சில பெட்டிகள் தாமே தொடங்கும், சில நம் அனுமதிக்குக் காத்திருக்கும். விளக்கு பச்சையானதும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டு, மூன்று நாள் கழித்துத்தான் மறுகட்டுமானம் தொடங்கவே இல்லை என்று கண்டுபிடித்த கதைகள் இந்தத் தொழிலில் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் முந்திய படி ஒன்று உண்டு: கையை வைப்பதற்கு முன் காப்புப் பிரதியைத் திறந்து பார்ப்பது. ‘பேக்கப் வெற்றி’ என்ற செய்தியைப் பார்த்தால் போதாது. நேற்றைய கோப்பு ஒன்றை உண்மையாகவே எடுத்துத் திறக்கவேண்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் களைப்பில் தவறான கணினியில் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். ஐந்து விதமான பாதுகாப்பு ஏற்பாடுகள் வைத்திருந்தும், தேவைப்பட்ட நேரத்தில் அவை சரிவர வேலை செய்யவில்லை. தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஆறு மணி நேரம் பழைய பிரதி ஒன்று காப்பாற்றியது. மென்பொருள் வல்லுநர்களுக்கே நேர்ந்தது இது.

அதிகாலை 3 மணி, சிங்கப்பூர்

பழுது பார்ப்பதே பழுதைவிடப் பெரிய விபத்தாகலாம் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 2010 ஜூலையில் சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியின் தட்டுச் சேமிப்பு அமைப்பில் ஓர் உறுப்பு விட்டுவிட்டு எச்சரிக்கை கொடுத்தது. சேமிப்பு அமைப்பு முழுதாக வேலை செய்துகொண்டிருந்தது. வாடிக்கையாளருக்கு ஒன்றும் தெரியாது. பராமரிப்புப் பொறுப்பிலிருந்த ஐபிஎம், ஆள் நடமாட்டம் குறைந்த நேரம் என்று ஜூலை 5 அதிகாலை 3 மணிக்குப் பழுது பார்க்கத் தேதி குறித்தது. எடுத்த முன்னெச்சரிக்கை எல்லாம் சரி. ஆனால் அன்று பின்பற்றியது காலாவதியான செயல்முறை. சின்னப் பழுது, அடுக்கடுக்கான கோளாறாக வெடித்தது. வங்கியின் அமைப்புகள் ஏறத்தாழ ஏழு மணி நேரம் முடங்கின. திங்கட்கிழமை காலை, பணம் எடுக்கும் இயந்திரம் முதல் வணிகப் பரிமாற்றம்வரை எல்லாம் நின்றது. சிங்கப்பூர் நாணய ஆணையம் கண்டித்ததோடு, ஏறத்தாழ 23 கோடி சிங்கப்பூர் வெள்ளியைக் கூடுதல் மூலதனமாக ஒதுக்கி வைக்கவும் வங்கிக்கு உத்தரவிட்டது.

மாற்று ஏற்பாடு இருந்தும் மாறாமல் போவது இன்னொரு வகை. 2020 அக்டோபர் 1இல் தோக்கியோ பங்குச் சந்தையின் பகிர்வுத் தட்டுக் கருவி ஒன்றில் நினைவகம் பழுதானது. இரண்டாவது கருவி தானாகப் பொறுப்பேற்றிருக்கவேண்டும். அமைவு அதற்கு ஏற்றதாக இல்லாததால் ஏற்கவில்லை. நாள் முழுவதும் வணிகம் நின்றது. இரண்டாவது கருவியைக் காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள். முதல் கருவி இப்படிப் பழுதானால் அது எழுந்து நிற்குமா என்பது அன்றுதான் தெரிந்தது.

மூன்றாவது, மிகக் கொடியது. 2025 செப்டம்பர் 26இல் தென்கொரியாவின் டேஜோன் நகர அரசுத் தரவு மையத்தில், மின்கலங்களை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் ஆவணங்களைச் சேமித்த ‘ஜி டிரைவ்’ எரிந்து 858 டெராபைட் போனது. அளவு பெரியது என்பதால் வெளியே அதற்குப் பிரதி வைத்திருக்கவில்லை. ஒரே அறைக்குள் எத்தனை அடுக்குப் பாதுகாப்பு இருந்தாலும் அறையே போனால் அத்தனையும் போகும். நம் பள்ளத்தாக்கில் தீக்குப் பதில் தண்ணீர் வரும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா முழுகியபோது, மேசைக்கடியில் இருந்த பெட்டிக்கு ரேய்ட் 5 என்றால் என்ன, ரேய்ட் 6 என்றால் என்ன?

மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவி, ஒன்று வேறு இடத்தில் என்ற பழைய 3-2-1 விதியை மிஞ்சிய யோசனை இதுவரை வரவில்லை. வாரம் ஒருமுறை வெளித்தட்டில் ஏற்றி முதலாளி வீட்டுக்கு எடுத்துச் செல்வதுகூட அந்த விதிக்குள் அடங்கும்.

எந்தத் தட்டை வாங்குவது?

அளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கவேண்டும். ஒரு துளி குறைந்தாலும் பெட்டி ஏற்காது. அடுத்தது எழுதும் முறை. தடங்களை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று படியவைக்கும் எஸ்எம்ஆர் வகைத் தட்டுகள், தொடர்ந்து எழுதும் மறுகட்டுமானத்தில் திணறும். 2020 ஏப்ரலில், நாஸ் பெட்டிகளுக்கென்று விற்ற சிவப்புவரிசைத் தட்டுகளில் 2 முதல் 6 டெரா வரையிலான சிலவற்றில் இந்த முறை இருந்ததை வெஸ்டர்ன் டிஜிட்டல் ஒப்புக்கொண்டது. மறுகட்டுமானம் பாதியில் நின்று பயனீட்டாளர்கள் புகார் செய்தபிறகே அது வெளிவந்தது. பின்னர் இந்த வகைக்கும், தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியாத சிஎம்ஆர் வகைக்கும் தனித்தனிப் பெயர் வைத்தார்கள். வாங்கும்போது சிஎம்ஆர் வகையா என்று மாடல் எண்ணை வைத்து உறுதிசெய்வது இப்போது கட்டாயம்.

அதைவிடப் பெரிய சிக்கல் நம் வாசலுக்கே வந்தது. 2025 தொடக்கத்தில், ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடித் தேய்ந்த சீகேட் தட்டுகள் புதியவை என்று விற்கப்படுவதை ஜெர்மனியின் ஹைஸ் செய்தி நிறுவனம் வெளிப்படுத்தியது. சியா என்ற மின்நாணயத்துக்காக ஓட்டிக் கழித்தவை அவற்றில் பல என்று சந்தேகிக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில், கோலாலம்பூருக்கு வெளியே ஒரு கிடங்கில் சீகேட் பாதுகாப்புக் குழுவும் மலேசிய அதிகாரிகளும் நடத்திய சோதனையில் ஏறத்தாழ 700 போலித் தட்டுகள் சிக்கின. ஸ்மார்ட் குறிப்பேட்டைப் பூச்சியமாக்கி, துடைத்து, புது லேபிள் ஒட்டி, புதுப் பொட்டலம் கட்டி, ஷாப்பீ, லசாடா போன்ற இணையச் சந்தைகளில் விற்றிருக்கிறார்கள். கண்காணிப்புக் கேமராவுக்கு உழைத்த தட்டுகளும் மறுபிறவி எடுத்திருந்தன.

பழுதான தட்டுக்குப் பதில் வைக்கும் தட்டே கிழடாக இருந்தால், மறுகட்டுமானத்தின் முழு நம்பிக்கையும் பொய். விலை மலிவாகத் தெரிந்தால் ஐயப்படவேண்டும். லோயாட் பிளாசாவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு உத்தரவாதக் காலத்தைப் பார்க்கவேண்டும். சீகேட் தட்டுகளில் ஸ்மார்ட் தவிர ‘ஃபார்ம்’ என்ற இரண்டாவது பதிவும் உண்டு. ஹைஸ் வெளிப்படுத்திய மோசடியில் ஓடிய மணி நேரத்தைக் காட்டிக்கொடுத்தது அதுதான். பெட்டியில் போடுமுன் இன்னொரு கணினியில் ஒருநாள் முழுச் சோதனை ஓட்டிப் பார்த்தால் பலவீனமானது அங்கேயே விழுந்துவிடும். அதற்கு நேரம் வேண்டும் என்றால், உதிரித் தட்டைப் பழுது வரும் முன்பே வாங்கி அலமாரியில் வைத்திருக்கவேண்டும்.

கழற்றிய தட்டு யாருடையது?

பழுதான தட்டைப் பராமரிப்பு ஆள் பையில் போட்டுக்கொண்டு போவது வழக்கம். உத்தரவாதத்தில் திருப்பிக் கொடுத்தால் புதியது கிடைக்கும். ஆனால் ‘பழுது’ என்பது பெட்டி அதை ஏற்க மறுக்கிறது என்பதற்குத்தான் அடையாளம். உள்ளே எழுதியது அழிந்துவிடவில்லை. ரேய்ட் 5இல் தரவு துண்டுதுண்டாகப் பிரிந்திருப்பதால் தனித்தட்டில் ஒன்றும் தெரியாது என்பதும் அரை உண்மை. துண்டின் அளவு பல பெட்டிகளில் 64 கிலோபைட்டோ அதற்கு மேலோ இருக்கும். அடையாள அட்டையின் சிறு படமோ நோயாளியின் ஒரு பக்கக் குறிப்போ அந்தத் துண்டுக்குள் முழுதாக அடங்கிவிடும்.

2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15இல் அமலுக்கு வந்தது. 2024இல் அதைத் திருத்தி அபராத உச்சவரம்பை 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்த்தினார்கள். 2025 ஜூன் 1 முதல், தரவுக் கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்கவேண்டும். கிளினிக்கின் பழைய தட்டு மூன்றாவது ஆள் கைக்குப் போவதும் இந்தச் சட்டம் கேள்வி கேட்கும் காரியமே. தொடக்கத்திலேயே தொகுதியைக் குறியாக்கம் செய்திருந்தால் இந்தத் தலைவலி பெருமளவு தீர்ந்துவிடும். செய்யாத தட்டைத் துளைபோட்டோ நொறுக்கியோதான் விடவேண்டும். அதையும் குப்பைத்தொட்டியில் போடலாகாது. மின்னணுக் கழிவு நம் நாட்டில் எஸ்டபிள்யூ 110 என்ற குறியீட்டில் வரும் அட்டவணைக் கழிவு. சுற்றுச்சூழல் துறை உரிமம் பெற்றவர்களிடம் சேர்க்கவேண்டும்.

என்ன செய்யலாம்?

சேர்த்துப் பார்த்தால், தட்டின் ஆயுளைப் பற்றிய ஆராய்ச்சி நமக்குக் கொடுத்திருப்பது ஒரு சராசரி. எந்தத் தட்டு எந்த நாளில் போகும் என்பதை அதனால் சொல்ல முடியாது. சொல்ல முடியாத ஒன்றுக்கு ஆயத்தமாக இருப்பது மட்டுமே வழி. பெரிய வங்கிக்கும் பங்குச் சந்தைக்கும் சறுக்கியது பொருளில் இல்லை, முறையில். சிறிய அலுவலகத்துக்கு இது நல்ல செய்தி, ஏனென்றால் முறைக்கு அதிகப் பணம் தேவையில்லை.

நம் பள்ளத்தாக்கின் சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் வெளியாளிடம் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுகின்றன. எத்தனை முறை வருவார், எத்தனை ரிங்கிட் என்பது அதில் இருக்கும். அதோடு நான்கு வரி சேர்க்கச் சொல்லவேண்டும். சோதித்த உதிரித் தட்டு ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்கும். தட்டைத் தொடுமுன் காப்புப் பிரதியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துக் காட்டுவார். மறுகட்டுமானம் முடிந்ததற்கான திரைப்பிடிப்பு முதலாளிக்கு அனுப்பப்படும். கழற்றிய தட்டு அலுவலகத்திலேயே தங்கும். இந்த நான்குக்கும் கையெழுத்துப் போடத் தயங்குகிறவரிடம் 7 ஆண்டுக் கணக்கை ஒப்படைக்காமல் இருப்பதே முதலாளிக்கு லாபம்.